பழைய பேனாவை ஆன்லைன் ஏலத்தில் எடுக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

மைப்பேனா பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். எந்த மை நல்லது, எந்தத் தாளில் மை ஊறாது என்றெல்லாம் வரும் என்று பார்த்தால், வந்ததில் பெரும்பகுதி ஈபே ஏலம் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் எழுதியிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

ஈபேயில் ஒரு இந்திய விற்பனையாளர் 'பார்க்கர் 51, விண்டேஜ், ரேர்' என்று ஒரு பேனாவை 28 டாலருக்குப் போட்டிருக்கிறார். ஆரஞ்சு நிறம், பளிங்கு மாதிரி வெள்ளைக் கோடுகள். பார்க்க அள்ளுகிறது. ஒரிஜினலா? (திண்டுக்கல்)

இல்லை. ரொம்பப் பெரிய மனசு வைத்துச் சொன்னால் பாதி ஒரிஜினல்.

பார்க்கர் 51 அமெரிக்காவில் 1941-ல் கடைக்கு வந்து 1972 வரை தயாரான பேனா. கறுப்பு, பர்கண்டி, அடர்நீலம், சாம்பல், நீலப்பச்சை என்று நிறங்கள் உண்டு, ஆனால் எல்லாமே ஒரே சீரான நிறம். பளிங்குக் கோடு போட்ட 51 கடையில் விற்றதே இல்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது என்றால், உடைந்துபோன பழைய 51-களின் மூடி, நிப்பு, மை ஏற்றும் பாகம் ஆகியவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, அக்ரிலிக் கம்பியைக் கடைசலில் கொடுத்துப் புது உடலும் கழுத்தும் (விரலால் பிடிக்கும் பகுதி) செய்து பொருத்திவிடுகிறார்கள். சில சமயம் நிப்புகூடப் பழையது இல்லை. இதை ஏமாற்று என்று மொத்தமாகச் சொல்லிவிட மாட்டேன். வேலை சுத்தமாக இருந்தால் நன்றாகவே எழுதும், 'புதிதாகச் செய்த உடல்' என்று சொல்லி விற்றால் யாருக்கும் சண்டை இல்லை. 'விண்டேஜ்' என்று போட்டுவிட்டு அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு.

நிஜமான 51 வேண்டுமென்றால் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் மை ஏற்றும் முறை பெரும்பாலும் இரண்டு வகை என்பது. 1940-களில் வந்தது வாக்யூமாட்டிக். உடலின் பின்முனையைத் திருகினால் உள்ளே ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கி அமுக்கி மை ஏற்ற வேண்டும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது, இத்தனை வருடத்தில் அது மக்கியிருக்கும், யாராவது மாற்றியிருந்தாலொழிய வேலை செய்யாது. 1948-ல் வந்தது ஏரோமெட்ரிக். உடலைக் கழற்றினால் பளபளவென்று ஓர் உலோகக் குழாய் தெரியும், அதில் அமுக்கும் பட்டை இருக்கும், எப்படி மை நிரப்புவது என்று அதன்மேலேயே பொறித்திருக்கும். அதற்குள் இருக்கும் மைப் பை ரப்பர் அல்ல, ஒருவகை பிளாஸ்டிக், அதனால் இன்றைக்கும் பல பேனாக்களில் அப்படியே உயிரோடு இருக்கிறது. முதல் தடவை வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஏரோமெட்ரிக் எடுக்கலாம், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நாலைந்து தடவை அலசினாலே பெரும்பாலானவை எழுத ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. 2021-ல் பார்க்கர் கம்பெனியே 51 என்ற பெயரில் புதுப் பேனா ஒன்றை விட்டது. அதன் மூடி திருகு மூடி, பழையதன் மூடி செருகு மூடி. புதியதில் கார்ட்ரிட்ஜ் (மை அடைத்த சிறு குழல்) போடலாம், பழையதில் பொதுவாக அந்தப் பேச்சே இல்லை. மூடியைக் கழற்றிய படத்தில் கழுத்துப் பக்கம் திருகுமரை தெரிகிறதா என்று பாருங்கள், அது போதும். புதியதும் நல்ல பேனாதான், பழையது என்று நினைத்துக் காசு கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஏலத்தில் கடைசி நிமிஷம் வரை நான்தான் முன்னால் இருக்கிறேன். முடிந்த பிறகு பார்த்தால் யாரோ ஒருவர் ஒரே ஒரு டாலர் அதிகம் கேட்டு எடுத்துப் போயிருக்கிறார். திரும்பத் திரும்ப இதே கதை. ஒரு டாலரில் தோற்பது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. (ஓசூர்)

ஒரு டாலரில் தோற்கவில்லை. ஈபே ஏலத்தில் நீங்கள் போடுவது உங்கள் உச்சத் தொகை. அதை அந்தத் தளம் ரகசியமாக வைத்துக்கொண்டு, அடுத்தவரை முந்துவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் உங்கள் சார்பில் ஏற்றிக்கொண்டே போகும். நீங்கள் 42 டாலர் போட்டிருக்கிறீர்கள், கடைசி ஐந்து வினாடியில் ஒருவர் 60 போடுகிறார் என்று வையுங்கள். அந்த விலை மட்டத்தில் ஒரு படி என்பது ஒரு டாலர். ஆகவே அவருக்கு 43 டாலரில் பேனா கிடைத்துவிடும், உங்களுக்கு ஒரு டாலர் வித்தியாசம் என்று தெரியும். நீங்கள் 45 போட்டிருந்தாலும், 55 போட்டிருந்தாலும் அவர்தான் எடுத்திருப்பார், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான்.

கடைசி வினாடியில் கேட்பதில் எந்த விதிமீறலும் இல்லை, நீங்களும் செய்யலாம். முன்கூட்டியே கேட்பதால் ஒரு லாபமும் கிடையாது, 'இதற்கு ஆள் இருக்கிறது' என்று ஊருக்குச் சொல்வதுதான் மிச்சம். இந்தப் பேனாவுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை அமைதியாக இருக்கும்போது முடிவு செய்துகொண்டு, கடைசிப் பத்து வினாடிக்குள் ஒரே தடவை போடுங்கள். நமக்கு அது நடுராத்திரியாக இருக்கும், அதற்கென்றே தானாகக் கேட்டுத்தரும் சேவைகளும் இருக்கின்றன. கிடைத்தால் கிடைத்தது. அடுத்த வாரம் இன்னொரு 51 வரும், லட்சக்கணக்கில் செய்து தள்ளிய பேனா அது.

அந்தத் தொகையை எப்படி முடிவு செய்வது என்று கேட்பீர்கள். தேடலில் 'விற்று முடிந்தவை' என்று ஒரு வடிகட்டி இருக்கிறது, கடந்த மூன்று மாதத்தில் அதே பேனா உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று காட்டும். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், நானூறு டாலர் என்று போட்டுவிட்டு யாரும் சீண்டாமல் பல மாதம் கிடக்கும் பேனாக்கள் ஏராளம். விற்ற விலையிலும் எண்ணின்மேல் கோடு போட்டு அடித்திருந்தால் பேரம் பேசி அதற்குக் குறைவாகப் போயிருக்கிறது என்று அர்த்தம், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றிவிடுவதும் உண்டு. ஏலப் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒவ்வொருவரும் இதே விற்பனையாளரிடம் எத்தனை சதவீதம் கேட்டிருக்கிறார் என்று காட்டும். மதிப்பீட்டு எண்ணிக்கை சைபர், இந்த ஒருவரிடமே நூறு சதவீதம், ஆனால் எதையும் எடுக்கவில்லை என்று ஒரு ஆசாமி இருந்தால் அந்த ஏலத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

தங்க நிப்பு என்றால்தான் நன்றாக எழுதுமா? (காரைக்குடி)

தாளைத் தொடுவது தங்கமே அல்ல. நுனியில் ஒட்டியிருக்கும் கடினமான உலோகக் குண்டுதான் தாளைத் தொடுகிறது, எஃகு நிப்பிலும் அதே மாதிரிதான். 14 காரட் என்றால் நூற்றுக்கு 58.5 பங்கு தங்கம், அதனால் நிப்பில் 585 என்றும் இருக்கலாம், 18 காரட் என்றால் 750. இந்த எண் எதுவும் இல்லாமல் மஞ்சளாக மட்டும் இருந்தால் அது முலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் அது சாதாரண எஃகு நிப்பு, ஜெர்மனியில் செய்தது என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லை.

விற்பனைக் குறிப்பில் 'அன்டெஸ்டட்' (சோதிக்கவில்லை), 'ஆஸ் ஃபவுண்ட்' (கிடைத்தபடியே), 'ரெஸ்டோர்ட்' (செப்பனிட்டது) என்றெல்லாம் போடுகிறார்களே, எதை நம்புவது? படங்களில் எதைப் பார்ப்பது? (தஞ்சாவூர், சேலம், மற்றும் ஒரு டொராண்டோ வாசகர்)

வார்த்தை எதையும் நம்ப வேண்டாம். பேனா விற்கிறவர், பழைய சாமான் விற்கிறவர் என்று இரண்டு சாதி விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். முதலாமவர் 'பை மாற்றியாகிவிட்டது, அளவு இவ்வளவு, நிப்பு இப்படி எழுதுகிறது' என்று எழுதிய தாளையும் சேர்த்துப் படம் போடுவார், விலையும் அதற்கேற்ப இருக்கும். இரண்டாமவர் யாரோ காலி செய்த வீட்டிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு பேனாவையும் அள்ளிவந்தவர், அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. அவர் 'அன்டெஸ்டட்' என்றால் அதில் பொய் இல்லை. பேனா மட்டுமே விற்கும் ஒருவர் அப்படிப் போட்டால் சோதித்துப் பார்த்துவிட்டார், ஓடவில்லை என்று பொருள். 'ரெஸ்டோர்ட்' என்று போட்டிருந்தால் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி கேளுங்கள். 'பாலிஷ் போட்டோம்' என்று பதில் வந்தால் அது ரிப்பேர் அல்ல, அலங்காரம்.

இப்போது படங்களுக்கு வருவோம், விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

முதலில் நிப்பின் நுனி. படத்தைப் பெரிதாக்குங்கள். நுனியில் சின்னதாக ஒரு குண்டு தெரிய வேண்டும், நடுப் பிளவு அதைச் சரிபாதியாகப் பிரித்திருக்க வேண்டும். குண்டே இல்லாமல் இரண்டு காலும் கத்தரித்த மாதிரி கூராக முடிந்தால் நுனி போய்விட்டது, அதைத் திரும்ப ஒட்டித் தர ஆள் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் செலவில் இன்னொரு பேனா வாங்கிவிடலாம். ஒரு பக்கக் குண்டு மட்டும் தேய்ந்து தட்டையாக இருந்தால் முன்பு வைத்திருந்தவர் பல வருடம் ஒரே சாய்வில் எழுதியிருக்கிறார், உங்கள் கைக்கு அது கீறும். பிளவு வழியாக வெளிச்சம் தெரியலாம், ஆனால் நுனிக்குப் போகப் போக அது ஒடுங்க வேண்டும். நுனியில் அகலமாக விரிந்து கிடந்தால் யாரோ அழுத்தி எழுதி மலர்த்திவிட்டார்கள்.

அடுத்தது பக்கவாட்டுப் படம். நிப்பும் அதற்கு அடியில் இருக்கும் நாக்கும் ஒட்டிப் படிந்திருக்க வேண்டும். நிப்பு மேல்நோக்கி எழும்பி, இடையில் இடைவெளி தெரிந்தால் மை ஒழுங்காக வராது. விற்பவர் மேலிருந்து எடுத்த படம் மட்டும் நாலு போட்டிருந்தால் பக்கவாட்டில் ஒன்று கேளுங்கள். கேட்டும் தராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

மூன்றாவது மூடியின் வாய். மயிரிழை விரிசல் வருவது அங்கேதான், சாதாரணப் படத்தில் சத்தியமாகத் தெரியாது. மூடிக்குள் சின்ன டார்ச்சை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளிர்நிறப் பேனாவாக இருந்தால் விரிசல் கோடு போட்ட மாதிரி தெரியும். கறுப்புப் பேனாவுக்கு இது உதவாது, அதற்கு வாயைச் சுற்றி நகத்தால் வருடிப் பார்த்துச் சொல்லச் சொல்ல வேண்டியதுதான்.

அப்புறம் நிறம். 1920, 30-களின் பச்சை செல்லுலாய்ட் (பழைய காலத்து பிளாஸ்டிக்) பேனாக்களில் மூடி பச்சையாகவே இருக்கும், உடல் மட்டும் பழுப்பாகிக் கிடக்கும். உள்ளே இருந்த ரப்பர் பை மக்கும்போது விட்ட கந்தக வாயு செய்த வேலை அது, எந்த பாலிஷிலும் போகாது. மூடியை மாட்டிய நிலையில் ஒரே ஒரு படம், அதுவும் மஞ்சள் விளக்கில் எடுத்தது என்றால் எதையோ மறைக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். எபனைட் (கடின ரப்பர்) பேனா வெயில் பட்டுச் சாம்பல் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அது வயசுக்கு உரிய நிறம், எழுதுவதற்கு ஒரு குறையும் இல்லை. அதை வைத்து விலையைக் குறைக்கப் பாருங்கள்.

முலாம் தேய்ந்து பித்தளை தெரிவது, உடலில் யாரோ பெயர் வெட்டியிருப்பது, பின்முனையில் பல் தடம், இதெல்லாம் சேகரிப்பவருக்குக் குறை. எழுதுவதற்காக வாங்குகிற நமக்கு லாபம்.

மான்ட்பிளாங்க் 149, பெட்டி, வாரண்டி அட்டை, வரிசை எண் எல்லாவற்றோடும் 6,000 ரூபாய்க்கு வருகிறது. எடுக்கலாமா? (திருப்பூர்)

வேண்டாம்.

போலியாகத்தான் இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், 149 பிஸ்டன் பேனா. பின்பக்கக் குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் நகரும். உடலைக் கழற்றி உள்ளே கார்ட்ரிட்ஜோ கன்வெர்ட்டரோ (கார்ட்ரிட்ஜ் இடத்தில் மாட்டி மை உறிஞ்சும் குழல்) தெரிந்தால் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்தது. நிப்பில் 4810 என்று இருக்கிறதே என்பீர்கள், அது மான்ட்பிளாங்க் சிகரத்தின் உயரம் மீட்டரில், அதைப் பொறிக்கத் தெரியாதவர் யாரும் போலி செய்ய வரமாட்டார். வரிசை எண்ணையும் அப்படித்தான் காப்பியடிக்கிறார்கள், பெட்டியும் அட்டையும் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. பெட்டி ரொம்பப் புதிதாக, ரொம்ப அழகாக இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும்.

அமெரிக்காவிலிருந்து 40 டாலருக்கு ஒரு பேனா. அனுப்பும் செலவு 22 டாலர். இதற்கு மேல் என்னென்ன வரும்? 'கிஃப்ட்' என்று எழுதச் சொன்னால் வரி இல்லையாமே? (திருநெல்வேலி)

முதலில் கார்டு. இந்தியாவுக்கென்று இருந்த ஈபே தளம் 2018-லேயே மூடப்பட்டுவிட்டது, இப்போது நாம் வாங்குவது எல்லாமே வெளிநாட்டுத் தளத்தில் வெளிநாட்டுப் பணத்தில்தான். உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று சில சதவீதம் எடுத்துக்கொள்ளும், அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு.

அப்புறம் சுங்கம். பலர் 40 டாலருக்கு மட்டும் வரி என்று கணக்குப் போடுகிறார்கள். வரி கணக்கிடுவது பொருள் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின்மேல். ஆகவே உங்கள் கணக்கு 62 டாலரிலிருந்து ஆரம்பிக்கிறது. தபாலில் வந்தால் வெளிநாட்டு அஞ்சல் பிரிவில் மதிப்பிட்டு அனுப்புவார்கள், தபால்காரரிடம் பணம் கட்டிவிட்டு வாங்க வேண்டும். தனியார் கூரியரில் வந்தால் அடையாள ஆவணம் கேட்பார்கள், வரிக்கு மேல் அவர்களுடைய கையாளும் கட்டணமும் உண்டு, அது சில சமயம் வரியையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். மலிவுப் பேனாவுக்குத் தபாலே மேல்.

கிஃப்ட் கதை பழசு. 5,000 ரூபாய் வரை பரிசுப் பொருளுக்கு இருந்த சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள், உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. பேனாவில் ராக்கி கட்டி அனுப்பச் சொல்லலாமா என்று யோசிக்காதீர்கள், ராக்கியோடு வரும் பொருளுக்கு அது கிடையாது. தவிர, கிஃப்ட் என்றோ ஐந்து டாலர் என்றோ பொய்யாக எழுதி வந்த பார்சல் வழியில் தொலைந்தால் எந்த மதிப்பைச் சொல்லி நஷ்டஈடு கேட்பீர்கள்?

ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்று பேனா எடுத்தால் ஒன்றாகக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும் செலவில் மிச்சம் பிடிக்க ஒழுங்கான வழி அதுதான்.

நானே ரிப்பேர் செய்து பழக ஆசை. கெட்டுப்போனாலும் மனசு கஷ்டப்படாத விலையில் எந்தப் பழைய பேனாவை எடுக்கலாம்? (பாலக்காடு)

எஸ்டர்புரூக் ஜே. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரக் கம்பெனி, 1940, 50-களில் பள்ளிப் பிள்ளைகளும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் எழுதிய பேனா. இன்றைக்கும் ஏலத்தில் கூட்டம் கூட்டமாக வருகிறது. அதன் பெரிய வசதி, நிப்பைக் கையாலேயே திருகிக் கழற்றி வேறு நிப்பு மாட்டலாம். ஆகவே நிப்பு கெட்ட ஜே வந்தால் தைரியமாக எடுங்கள், விலையும் சல்லிசாக இருக்கும். நிப்பில் நாலு இலக்க எண் இருக்கும். 9-ல் தொடங்குவது நுனியில் கடின உலோகம் வைத்தது, 1-லும் 2-லும் தொடங்குவது எஃகையே மடக்கி நுனி செய்தது. 9556 நல்ல மெல்லிய எழுத்து, 2668 நடுத்தரம். 9128 வளைந்துகொடுக்கும் நிப்பு என்பதால் அதற்கு மட்டும் விலையை ஏற்றிவிடுவார்கள்.

படத்தில் பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும், மை ஏற்றும் நெம்புகோல். அது தொளதொளவென்று ஆடினால் உள்ளே இருக்கும் அழுத்துபட்டை துருப்பிடித்து உடைந்திருக்கும். அதுவும் கிடைக்கும், மாற்றலாம், ஆனால் முதல் பேனாவிலேயே அது வேண்டாமே.

வேலை இவ்வளவுதான். முதலில் நிப்பைத் திருகி எடுத்துவிட்டு, ஹேர் டிரையரால் கழுத்துப் பகுதியை மெல்லச் சூடுகாட்டி, அசைத்து அசைத்து வெளியே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் உடல் விரியும். விளக்குச் சுவாலை கூடவே கூடாது, பழைய செல்லுலாய்ட் பேனாவாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். உள்ளே பழைய பை கருகிய அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடக்கும், அதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். ஜே-க்குப் புதுப் பை 16-ஆம் எண். நீளம் பார்த்து வெட்டி, கழுத்தின் பின்முனையில் அரக்குக் கரைசல் தடவி மாட்டி, ஒரு ராத்திரி விட்டுவிட்டு, பைமேல் டால்க் பவுடர் தூவி உள்ளே செருகினால் முடிந்தது. மரச்சாமானுக்கு பாலிஷ் போட வாங்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததே போதும். தயவுசெய்து ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள். அரக்கு சூடுகாட்டினால் விட்டுக்கொடுக்கும், ஃபெவிக்விக் விடாது, அடுத்த தடவை பேனாவைத் திறக்கும்போது உடைத்துத்தான் திறப்பீர்கள். விற்பவரே அப்படி ஒட்டித் தரும் பேனாக்களும் உண்டு, கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான்.

ஜப்பான் யாஹூ ஏலத்தில் பைலட், சைலர் எல்லாம் மலிவாகத் தெரிகிறதே. வெளியூர்க்காரர் எடுக்க முடியுமா? (சிங்கப்பூர்)

நேரடியாக முடியாது, இடைத்தரகுச் சேவை மூலமாக எடுக்கலாம். பையீ, ஜென்மார்க்கெட் போன்றவை உங்கள் சார்பில் கேட்டு, தங்கள் கிடங்குக்கு வரவழைத்து, அங்கிருந்து உங்களுக்கு அனுப்பும். ஆகவே பேனா விலை, சேவைக் கட்டணம், ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு, சிங்கப்பூர் வரும் செலவு என்று நாலு தடவை காசு. அதோடு 9 சதவீத ஜி.எஸ்.டி. நாலைந்து பேனாவைக் கிடங்கில் சேர்த்துவைத்து ஒரே பெட்டியாக வரவழைத்தால்தான் கட்டுப்படியாகும்.

ஓசூர்க்காரருக்குச் சொன்ன கடைசி வினாடித் தந்திரம் இங்கே பலிக்காது. முடியும் நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் தானாகவே ஐந்து நிமிஷம் நீளும்படி விற்பவர்கள் வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்க, அவர் கேட்க, இழுத்துக்கொண்டே போகும்.

எடுக்க வேண்டியது 1960, 70-களின் குட்டிப் பேனாக்கள். சட்டைப் பையில் கையளவே இருக்கும், மூடியைப் பின்னால் மாட்டினால் முழு நீளம் வந்துவிடும், பலவற்றில் தங்க நிப்பு. பைலட் நிப்புகளில் தொழிற்சாலை எழுத்தோடு மாதமும் வருடமும் பொறித்திருக்கும், 'ஹெச் 371' என்றால் ஹிரட்சுகா தொழிற்சாலை, 1971 மார்ச். பல பேனாக்களில் உரியவர் பெயரை ஜப்பானிய எழுத்தில் வெட்டியிருப்பார்கள், அதனாலேயே விலை குறையும், நமக்கு அது ஒரு அலங்காரம்தானே. வாங்குமுன் ஒன்றை மட்டும் பாருங்கள். பைலட், பிளாட்டினம், சைலர் மூன்றுக்கும் கார்ட்ரிட்ஜ் தனித்தனி, ஒன்றுக்குள் ஒன்று போகாது. பழைய குட்டிப் பேனாக்கள் சிலவற்றுக்குள் இன்றைய கன்வெர்ட்டர் நுழையவே நுழையாது.

படத்தில் இருந்தது ஒன்று, வந்தது ஒன்று. 'ரிட்டர்ன் கிடையாது' என்று முன்பே போட்டிருந்தேன் என்கிறார் விற்றவர். இன்னொரு முறை, ஒரு குழுவில் பார்த்து ஒருவருக்கு யு.பி.ஐ.யில் பணம் அனுப்பினேன், பேனா வரவே இல்லை. (கோவை, ஈரோடு)

இரண்டும் வேறு வேறு. ஈபேக்குள்ளேயே பணம் கட்டியிருந்தால், பொருள் வராவிட்டாலும் விவரித்தபடி இல்லாவிட்டாலும் பணம் திரும்ப வாங்க வழி இருக்கிறது. 'ரிட்டர்ன் கிடையாது' என்ற வரி அங்கே செல்லாது, அது மனசு மாறித் திருப்புவதற்குத்தான். பார்சல் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அந்தத் தளத்திலேயே புகார் போட வேண்டும், வராத பார்சல் என்றால் வருவதாகச் சொன்ன கடைசித் தேதியிலிருந்து 30 நாள். மூன்று வேலை நாளில் விற்றவர் சரிசெய்யாவிட்டால் ஈபேயைத் தலையிடச் சொல்லுங்கள். 'இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் சார், குடும்பத்தில் ஒரு விசேஷம்' என்று இழுத்தடித்து அந்த 30 நாளைத் தாண்டவைப்பது பழைய உத்தி. பொறுமையாகப் பேசுங்கள், ஆனால் புகாரைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். பார்சல் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுத்துவைப்பதும் நல்லது. சுங்கத்துக்குக் கட்டிய காசை மட்டும் விற்றவரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

'ஈபே கமிஷன் மிச்சம், வெளியே வாங்கிக்கொள்ளலாம்' என்று யாராவது செய்தி அனுப்பினால், அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போகிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

யு.பி.ஐ.யில் அனுப்பியதற்கு அப்படி ஒன்றும் இல்லை. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும். குழுக்களில் வாங்குவதே தப்பு என்று சொல்லமாட்டேன், நல்ல மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்றைய தேதி எழுதிய தாளின்மேல் பேனாவை வைத்து ஒரு படம் கேளுங்கள். அடுத்தவர் படத்தைத் திருடிப் போட்டவரால் அது முடியாது.

தாத்தாவின் ஸ்வான் பேனா ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது, கறுப்பு, உடலில் அவர் பெயர் வெட்டியிருக்கிறது. வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்து, பெயரையும் தேய்த்து எடுத்துவிட்டு ஈபேயில் விற்கலாம் என்று இருக்கிறேன். என்ன விலை வைக்கலாம்? (யாழ்ப்பாணம்)

ஐயா, முதலில் வெந்நீரை இறக்கி வையுங்கள். பழைய ஸ்வான் பெரும்பாலும் எபனைட், வெந்நீரில் போட்ட உடனே பழுப்பாகிவிடும், கறுப்பைத் திரும்பக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. பெயரையும் தொடாதீர்கள். தேய்த்தால் உடலில் ஒரு பள்ளம் விழும், பக்கத்தில் இருக்கும் கம்பெனி முத்திரையும் சேர்ந்து அழியும், வாங்குகிறவர்கள் முதலில் தேடுவதே அந்த முத்திரையைத்தான். பெயர் வெட்டிய பேனாவுக்கு விலை கொஞ்சம் குறையும், தேய்த்த பேனாவுக்கு நிறையவே குறையும். ஈரத்துணியால் வெளியே துடைத்தால் போதும்.

விலையைப் படம் பார்க்காமல் சொல்ல முடியாது. ஸ்வானில் விலையைத் தீர்மானிப்பது நிப்பு. தங்க நிப்பு, நுனி முழுசாக இருந்து, கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல அழுத்தும்போது இரண்டு காலும் விரிந்து, விட்டால் உடனே ஒட்டிக்கொண்டால், அழகெழுத்துப் பழகுகிறவர்கள் அதற்காகவே போட்டி போடுவார்கள். மெல்ல என்றேன், ஊன்றி அழுத்திவிடாதீர்கள். விற்று முடிந்தவற்றில் அதே மாதிரி மாடலைத் தேடிப் பாருங்கள். உடனே பணம் தேவையில்லை என்றால் நிலையான விலை போட்டு, பேரத்துக்கும் இடம் விட்டுக் காத்திருக்கலாம். ஒரு டாலரில் ஏலம் தொடங்கினால் அன்றைக்குப் பார்க்க ஆள் இல்லாமல் ஒன்பது டாலருக்குப் போய்விடவும் வாய்ப்பு உண்டு.

படம் எடுப்பது காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து. முதல் படம் மூடி கழற்றிய முழுப் பேனா, இரண்டாவது நிப்பின் நுனி, மூன்றாவது பக்கவாட்டில், நாலாவது முத்திரை. விரிசல் இருந்தால் அதை ஐந்தாவது படமாக நீங்களே போட்டுவிடுங்கள், மேலே இத்தனை பேருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள்.